ஒரு தடவைதான் கேட்டாள்

பால் பவுடர் டப்பாவையும் பையில் வைக்கட்டுமா என்று பிரிட்டா ஒரு தடவைதான் கேட்டாள். வாசலில் வாடகைக் கார் நின்றிருந்தது. ஒரு காலில் பனிக்கால பூட்ஸ், மறு காலில் வெறும் காலுறை என்ற கோலத்தில், கையுறையை வாயில் கவ்விக்கொண்டு கேட்டாள். அவள் கணவன் நெல்ஸ் ஹோகன், மினசோட்டாவில் பிறந்து வளர்ந்த எந்த ஒழுங்கான மனிதனும் சொல்வதைத்தான் சொன்னான்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவள் இரண்டாவது தடவை கேட்பாள், "உனக்குச் சிரமம் இல்லேன்னா..." என்று இழுக்கலாம். மூன்றாவது தடவை கேட்பாள், "சரி, கொஞ்சமா வை" என்று சொல்லலாம். அந்த ஊரில் ஒரு வாய் காபியைக்கூட அப்படித்தான் வாங்கிக் குடிப்பார்கள். முதல் தடவையே சரி என்று சொல்கிறவனை, வீட்டில் சோறு போடாமல் வளர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் பிரிட்டாவுக்கு அன்று அவசரம். மறு காலிலும் பூட்ஸை மாட்டினாள், குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தாள், காரில் ஏறிப் போய்விட்டாள்.

நியூ ஜெர்சியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கல்யாண கவுன் பிடிக்கிறதா, பூ வந்ததா, மாப்பிள்ளை ஓடிப்போகாமல் இருக்கிறானா என்று பார்க்க அக்காள்காரி முன்னதாகவே போயாக வேண்டும். நெல்ஸ் தன் அலுவலக வேலையை முடித்துவிட்டு, நான்கு மாதக் குழந்தை சோல்வேயைத் தூக்கிக்கொண்டு பின்னால் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. "உன்னால தனியா முடியுமா?" என்று மட்டும் பிரிட்டா மூன்று தடவை கேட்டிருந்தாள். மூன்று தடவையும் முடியும் என்று சொல்லி, மாட்டிக்கொண்டிருந்தான்.

குளிர்பெட்டியில் அவள் பிழிந்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் இருந்தது. வீட்டில் கொடுத்தது போக, விமானத்துக்கென்று இரண்டு பாட்டில். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. கணக்கு சுலபம். ஆனால் அதில் விளையாட முடியாது. சோல்வேக்குக் காதில் புண் வந்து அப்போதுதான் ஆறியிருந்தது. விமானத்தில் கூட்டிப்போகலாம், ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அவள் எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது அடைத்து வலி உயிர் போய்விடும், அதிலும் இறங்கும்போதுதான் அதிகம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். புண் இருந்த நாட்களில் அவள் அழுத அழுகை நெல்ஸுக்கு இன்னும் காதிலேயே இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தபோது, அந்த வலி தனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அவன் மனதார வேண்டிக்கொண்டான். இன்னொரு தடவை அதைக் கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானைக் கொடுத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு சோல்வேயைத் தெரியாது. சூப்பானை வாயில் வைத்தால் ஒரே துப்பு. அது எதிரில் இருப்பவர் மடியில் போய் விழும்.

*

விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் டுவேன் என்ற பெரிய உருவம் உட்கார்ந்திருந்தது. அதே மினசோட்டாவில் பெமிட்ஜி ஊர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், மகளைப் பார்க்கப் போகிறார். மடியில் ஐஸ்கிரீம் வாளி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உள்ளே ஐஸ்கிரீம் இல்லை என்பது நெல்ஸுக்குப் பார்த்தவுடனே தெரியும். அந்த ஊரில் காலி ஐஸ்கிரீம் வாளியில் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

"குளிர் அப்படி ஒண்ணும் மோசமில்ல," என்றார் டுவேன். வெளியே மூச்சு விட்டால் மீசையில் கட்டியாகிற குளிர்.

"ஆமா, பரவால்ல," என்றான் நெல்ஸ். அதோடு இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் மரீசா. கிழக்குக் கடற்கரையோர நியூ ஜெர்சிக்காரி. முடியும் பெரிது, குரலும் பெரிது. அவள் மடியில் ரோக்கோ என்ற ஒன்பது மாதப் பையன் சீட் பெல்ட்டின் நுனியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"இங்க தோழி வீட்ல ஒரு வாரம் தங்கினேம்ப்பா," என்று யாரும் கேட்காமலே நெல்ஸிடம் ஆரம்பித்தாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு தடவகூடக் கத்திச் சண்டை போடல. எனக்குப் பயமாயிடுச்சு. ராத்திரி தூக்கமே வரல."

நெல்ஸ் மரியாதையாகச் சிரித்தான். அதற்குள் விமானம் நகர, தலைமை விமானியின் குரல் வந்தது. எல்லோரும் உட்காருங்கள், கிளம்பப் போகிறோம். நெல்ஸ் முதல் பாட்டிலை எடுத்தான். சோல்வே ஆவலாகக் குடிக்க ஆரம்பித்தாள். அவன் சாதித்துவிட்ட திருப்தியில் டுவேனைப் பார்த்தான். டுவேனும் வாளியின் மேல் விரலால் தாளம் போட்டு ஆமோதித்தார்.

விமானம் கொஞ்ச தூரம் ஊர்ந்து நின்றது. இறக்கையில் பனி படிந்துவிட்டதாம். பனியைக் கரைக்கிற மருந்து பீய்ச்சும் வண்டி வர வேண்டுமாம். வண்டி வந்தது, பீய்ச்சியது, போனது. அதற்குள் புதிதாகப் பனி பெய்தது. திரும்பவும் வண்டி. விமானி மிகவும் பணிவானவர். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க பாட்டிலில் பால் இறங்கிக்கொண்டே வந்தது. நெல்ஸ் நடுவில் பிடுங்கிப் பார்த்தான். சோல்வே போட்ட சத்தத்தில் முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. திரும்பவும் வாயில் வைத்தான். விமானம் தரையிலிருந்து ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை, முதல் பாட்டில் காலி.

பிறகு ஒருவழியாக நிஜமாகவே ஓடியது, நிஜமாகவே எழும்பியது. நெல்ஸுக்கு வேறு வழியில்லை, இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். பாதியில் நிறுத்திப் பாதியை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. சோல்வே பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி, காற்றையும் உறிஞ்சி, ஏப்பம் விட்டுத் தூங்கிப் போனாள்.

நெல்ஸ் இரண்டு காலி பாட்டில்களையும் முன்னால் இருந்த மடக்குப் பலகையில் நிறுத்தி, அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மரீசாவுக்கும் கண் இருக்கிறதே.

"ஏம்ப்பா, ரெண்டும் காலியாயிடுச்சே? இறங்கும்போது என்ன பண்ணுவே? எங்கிட்ட ரோக்கோவோட பவுடர் பாக்கெட் இருக்கு. வேணுமா?" என்று ஒரு நீளப் பாக்கெட்டை எடுத்து ஆட்டிக் காட்டினாள். அது சோல்வே பிறந்த புதிதில், பிரிட்டாவுக்குப் பால் ஊறுவதற்கு முன் குடித்த அதே பவுடர். வீட்டில் அடுப்படி அலமாரியில் டப்பாவாக உட்கார்ந்திருக்கிற அதே பவுடர்.

நெல்ஸின் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடவுளே அனுப்பியதுபோல் இருந்தது. அவன் வாய் திறந்து, அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கத்தில், தானாகவே பேசியது.

"ஐயோ, வேண்டாங்க. இருக்கிறதே போதும்."

"சரி," என்றாள் மரீசா. பாக்கெட்டைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

நெல்ஸுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தான். உதட்டில் புன்னகையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் ரோக்கோவின் வாயிலிருந்து பெல்ட்டைப் பிடுங்கினாள். பத்திரிகையைப் புரட்டினாள். அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஒரு மனுஷி ஜிப்பை மூடிவிட்டாள்!

டுவேன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தவன் அவமானப்படும்போது பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத அந்த ஜன்னலை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கிழக்குப் பக்கத்து ஆளுங்க. வித்தியாசமானவங்க."

அந்த ஊரில் ஒருவரைத் திட்டுவதற்கு இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது.

*

துக்கம் விசாரிக்கிற முகத்தோடு டுவேன் வாளியின் மூடியைத் திறந்தார். உள்ளே வேர்க்கடலையும் சாக்லேட்டும் போட்டு அவர் மனைவி சுட்ட இனிப்புத் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"ஒண்ணு எடுத்துக்கங்க தம்பி."

"ஐயோ, வேண்டாம் சார். உங்க மகளுக்குக் கொண்டு போறீங்க."

"அவளுக்கு நெறைய இருக்கு. எடுத்துக்கங்க."

"இல்ல, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"ஒரு துண்டுல என்ன ஆயிடப் போகுது?"

"சரி, உங்களுக்காக ஒரு பாதி."

இதுதான் மனிதர்கள் பேசிக்கொள்கிற முறை என்று நெல்ஸுக்கு ஆறுதலாக இருந்தது. டுவேன் பிளாஸ்டிக் கத்தியால் ஒரு துண்டைப் பாதியாக வெட்டினார். மிச்சப் பாதியை அனாதையாக விடக் கூடாது என்று நெல்ஸை மூன்று தடவை கேட்டார். அவன் அதில் பாதி எடுத்துக்கொண்டான். மிச்சக் கால் துண்டை அவன் டுவேனிடம் மூன்று தடவை கேட்டான். அவர் அதில் பாதி எடுத்துக்கொண்டார். கடைசித் துண்டை எடுப்பது மரியாதை இல்லையாதலால் இருவரும் வெட்டிக்கொண்டே போனார்கள். இறுதியில் ஒரு கடலைப் பருப்பு மிஞ்சியது. இருவரும் அதைத் தொடவில்லை.

நடுவில் பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். இருவருக்கும் தாகம்தான். இருவரும் வேண்டாம் என்றார்கள். அவள் போயே போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணும் கிழக்குப் பக்கம்தான் போல," என்றார் டுவேன், காய்ந்த உதட்டை நக்கியபடி.

இனிமேல் என்ன செய்வது? நேரே போய்க் கேட்டுவிடலாம் என்ற எண்ணம் நெல்ஸுக்கு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்த வேகத்தில் காது மடல் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன பொருளைத் திரும்பிப் போய்க் கேட்பதா? அவன் பரம்பரையில் யாரும் அதைச் செய்ததில்லை. அவன் பெரியப்பா ஒருவர் பனியில் கார் புதைந்து நின்றபோது, உதவட்டுமா என்று கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார் வாங்கியதே அங்கே நிறுத்தத்தான் என்பதுபோல் மதியம்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். எனவே நெல்ஸ் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். அதாவது, பெருமூச்சு விட்டான்.

மரீசா பத்திரிகையைப் புரட்டினாள்.

காலி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு சொட்டுகூட விழவில்லை என்பது விமானம் முழுவதற்கும் தெரியும்படி உதட்டைப் பிதுக்கினான். மரீசா ரோக்கோவுக்கு மூக்குத் துடைத்தாள்.

டுவேனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, நெல்ஸைப் பார்த்து, ஆனால் மரீசாவுக்குக் கேட்கும்படி பேசினார்.

"இந்தக் காலத்துல பாட்டில் எல்லாம் சின்னதா பண்றாங்க இல்ல தம்பி?"

"ஆமா சார். குழந்தைங்க நிறையக் குடிக்கறாங்க."

"இறங்கும்போது குழந்தைங்களுக்குக் காது வலிக்கும்னு சொல்றாங்க."

"கேள்விப்பட்டிருக்கேன் சார். காதுல புண் வந்து ஆறின குழந்தைங்களுக்கு இன்னும் அதிகமாம்."

"அடடா. அந்த மாதிரி ஒரு குழந்தை இருந்தா, அதுக்குக் கொஞ்சம் பவுடர் இருந்தா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும் சார். பொதுவாச் சொல்றேன்."

"நானும் பொதுவாத்தான் சொல்றேன்."

இருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மரீசா காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளை நினைத்து நெல்ஸுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசியும் புரியாத ஒரு பெண்ணா? அவள் ஊரில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்துவார்கள் என்பதும், கத்தாதவனுக்கு எதுவும் தேவையில்லை என்று அர்த்தம் என்பதும் அவனுக்கு யார் சொல்வார்கள்?

*

விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. இறங்க ஆரம்பித்துவிட்டோம் என்று அந்தப் பணிவான விமானி மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பணிப்பெண்கள் தங்கள் இருக்கைகளில் போய்க் கட்டிக்கொண்டார்கள்.

சோல்வே கண் விழித்தாள். நெல்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தாள், உதடு கோணியது, கை காதுக்குப் போனது. அந்தக் கை காதைத் தொட்டதைப் பார்த்ததும் நெல்ஸுக்கு உள்ளே என்னவோ அறுந்ததுபோல் இருந்தது. சூப்பானை வைத்தான். அது டுவேனின் வாளிக்குள் போய் விழுந்தது.

"நான் வேணா அந்தம்மாகிட்டக் கேக்கட்டுமா?" என்றார் டுவேன்.

"ஐயோ, வேண்டாம் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்ல."

"இல்ல, வேண்டாம் சார்."

"கேக்கறதுல என்ன ஆயிடப் போகுது?"

"சரி, உங்களால முடிஞ்சா."

டுவேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நெல்ஸின் மேல் பாதி சாய்ந்து, கையை ஆட்டி மரீசாவைக் கூப்பிட்டார். அவள் காதுக் கருவியைக் கழற்றினாள். டுவேனின் முகம் பீட்ரூட் ஆனது.

"உங்க... உங்க ஊர்ல பனி எப்படி?" என்றார்.

"கண்றாவியா இருக்கு," என்று சொல்லிவிட்டு மரீசா கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு வரல தம்பி," என்று டுவேன் பின்னால் சரிந்தார். "மன்னிச்சிடுங்க. எனக்கு வரல."

விமானம் ஒரு குலுக்குக் குலுங்கித் தணிந்தது. சோல்வே அலறினாள். பசி அழுகை அல்ல, பிடிவாத அழுகை அல்ல. வீட்டில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது கேட்ட அதே அழுகை. நெல்ஸ் எழுந்து நிற்கப் போனான், பெல்ட் இழுத்து உட்கார வைத்தது. உட்கார்ந்தபடியே, வாழ்நாளில் முதல் தடவையாக, தொண்டை கிழியக் கத்தினான்.

"எனக்கு அந்தப் பவுடர் வேணும்!"

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. ரோக்கோகூடக் கடிப்பதை நிறுத்தினான். மரீசா கருவியைக் கழற்றினாள்.

"வேணாம்னியே?"

"வேணாம்னு சொன்னேன்! ஆனா வேணும்!"

"அப்புறம் ஏன்யா வேணாம்னே?"

"நீங்க ரெண்டாவது தடவ கேக்கவே இல்லியே!"

"நான் எதுக்கு ரெண்டாவது தடவ கேக்கணும்? உனக்கென்ன காது கேக்காதா?"

"மூணாவது தடவ நான் சரின்னு சொல்லியிருப்பேன்!"

மரீசா வாயைப் பிளந்து அவனைப் பார்த்தாள். பிறகு டுவேனைப் பார்த்தாள். டுவேன் குற்றவாளியைப்போல் தலையை ஆட்டி, அதுதான் முறை என்று உறுதிப்படுத்தினார்.

"அடக் கடவுளே!" என்றாள் மரீசா. "அதான் என் தோழி ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தாளா? நான் தினம் சமைச்சுட்டு வேணுமாங்கறேன், அவ வேணாங்கறா, நானே எல்லாத்தயும் தின்னுட்டேனே!"

பேசிக்கொண்டே கை வேலை செய்தது. ஜிப்பைத் திறந்தாள், பாக்கெட்டை நீட்டினாள். நெல்ஸ் ஒரு கையில் குழந்தையோடு பல்லால் கடித்துக் கிழித்தான். விமானம் இன்னொரு குலுக்குக் குலுங்க, பாக்கெட் வெடித்து பவுடர் மொத்தமும் டுவேனின் மேல் கொட்டியது. தலை, புருவம், கம்பளிச் சட்டை எல்லாம் வெள்ளை.

"பரவால்ல," என்றார் டுவேன், இமையைத் திறக்காமல். "வித்தியாசமா இருக்கு."

"குடு இங்க!" என்று மரீசா காலி பாட்டிலை நடைபாதைக்குக் குறுக்கே பிடுங்கிக்கொண்டாள். ரோக்கோவுக்கென்று பிளாஸ்க்கில் வைத்திருந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி, இன்னொரு பாக்கெட்டைக் கொட்டி, மூடி, குலுக்கினாள். முன்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பணிப்பெண், எழுந்திருக்காதீர்கள் என்று கத்தினாள். "யாரும்மா எழுந்திருச்சது? கைதான் நீட்டறோம்!" என்று மரீசா திருப்பிக் கத்தினாள். பாட்டில் நெல்ஸின் கைக்கு வந்தது.

சோல்வேயின் வாயில் வைத்தான்.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பவுடரை மறந்துவிட்டாளா? ருசி பிடிக்கவில்லையா? இவ்வளவு மானத்தை விட்டும் வீணா? இன்னொரு தடவை வைத்தான். அழுதுகொண்டே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்தது.

"குடிடி செல்லம்," என்றான். "அப்பாவுக்காகக் குடிம்மா."

மூன்றாவது தடவை வைத்தான். சோல்வே கபக்கென்று பிடித்துக்கொண்டாள். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. காதில் இருந்த கை இறங்கி வந்து பாட்டிலைப் பிடித்தது. புருவம் தளர்ந்தது. கண்ணீர் நின்ற கண்ணால் அப்பனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"காது வலி, வயித்துல பசி, வாயில மட்டும் வேணாம்!" என்றாள் மரீசா. "நல்லா வளத்திருக்கீங்கய்யா. இது உங்க ஊர்க் குட்டிதான், சந்தேகமே இல்ல."

நெல்ஸுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒளிக்காமல் இரண்டையும் செய்தான். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, உலகத்தில் இனிமேல் அவனுக்கு வேறு எதுவும் தேவையில்லை என்று தோன்றியது. விமானம் தரையைத் தொட்டபோது சோல்வே கவனிக்கக்கூட இல்லை. டுவேன் மட்டும் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கன்னத்தில் இரண்டு கோடுகள் ஈரமாக இருந்தன.

*

வெளியே பிரிட்டா காத்திருந்தாள். ஓடி வந்து குழந்தையை வாங்கி, காதைப் பார்த்து, மோந்து பார்த்து, சிரிக்கிறாள் என்று கண்ட பிறகுதான் கணவனைப் பார்த்தாள்.

"பால் போதுமா இருந்துச்சா?"

"போதல. பக்கத்துல ஒருத்தங்ககிட்ட பவுடர் வாங்கினேன்."

"நல்லவங்க. மூணு தடவ கேட்டாங்களா?"

"இல்ல. நான் கேட்டேன். கத்திக் கேட்டேன்."

பிரிட்டா புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

அதற்குள் மரீசா ரோக்கோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இவதான் உன் பொண்டாட்டியா? ஏம்மா, பனி கொட்டுது, என் காரு நிக்குது. நீங்க போற எடத்துல எறக்கி விட்டுடறேன், வரீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு..." என்று பிரிட்டா ஆரம்பித்தாள்.

"வரோம்!" என்றான் நெல்ஸ்.

பிரிட்டா யாரோ அன்னியனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு, மரீசா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பதைக் கண்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கார் கிளம்பி வளைவில் திரும்பும்போது, பேருந்து நிற்கிற இடத்தில் டுவேன் நிற்பது தெரிந்தது. புருவத்தில் பவுடர், கையில் வாளி, தலையில் பனி. மரீசா வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கி, ஏறிக்கிறீங்களா என்று கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா," என்றார் டுவேன். "மக காரு எங்கியோ சறுக்கி நின்னுடுச்சாம், வர நேரமாகுமாம். இங்க நிக்கறது நல்லாத்தான் இருக்கு."

"சரி," என்று மரீசா கியரை மாற்றினாள்.

"நிறுத்துங்க!" என்று நெல்ஸ் பின்னாலிருந்து கத்தினான். ஒரே நாளில் இரண்டாவது தடவை. "அவர் வரேன்னு சொல்றார்!"

கார் சறுக்கி நின்றது. மரீசா கண்ணாடி வழியாகத் தலையையும் பாதி உடம்பையும் வெளியே நீட்டினாள்.

"வரியா, வரியா, வரியா? மூணு தடவ ஆச்சு! ஏறுய்யா!"

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..." என்றார் டுவேன். அவருடைய ஒரு கால் ஏற்கெனவே காருக்குள் இருந்தது.